ஸ்டெரொய்டுக்குத் தெளிந்து மீண்டும் மங்கும் கண்: முதியவரின் விழித்திரையில் லிம்போமா

கண் மங்குது என்று கிளினிக்குக்குப் போன ஒரு முதியவரை, சில மாதம் கழித்து மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து வரச் சொன்னால் வீட்டில் எல்லோரும் குழம்பித்தான் போவார்கள். குழப்பம் அதோடு நிற்பதில்லை. ஓரளவு குணம் தந்துகொண்டிருந்த மருந்தைக் குறைத்து நிறுத்துகிறார்கள். கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்கிறார்கள். அதையும் திருகோணமலையில் எடுத்து அனுப்பாமல் கொழும்புக்கு ஆளையே வரச் சொல்கிறார்கள். கடைசியில் புற்றுநோய் வைத்தியருக்கு ஒரு கடிதம். "கண்ணிலதானே வருத்தம், இதெல்லாம் எதுக்கு?" என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே சந்தேகம்: முதன்மை விட்ரியோ ரெட்டினல் லிம்போமா. கண்ணின் உட்புறத்தில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோய். ஒரு பொதுக் கண் கிளினிக்கில் வருடக்கணக்காக ஒன்றுகூட வராமல் போகக்கூடிய அளவுக்கு அரிது. அரிதாக இருப்பதாலும், சாதாரண அழற்சியைப் போலவே தோற்றம் காட்டுவதாலும் இதைக் கண்டுபிடிக்கப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிடுகிறது.

கண்ணின் பின்பக்கம்: தெரிந்திருக்க வேண்டியவை

கண்வில்லைக்குப் பின்னால் உள்ள பெரிய இடத்தை ஏறத்தாழ 4 மில்லிலீட்டர் தெளிந்த ஜெல் நிரப்பியிருக்கிறது. பாடசாலைப் புத்தகத்தில் கண்ணாடியுடனீர் என்று படித்தது இதைத்தான். கிளினிக்கில் விட்ரியஸ் என்பார்கள். 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். மீதியில் நுண்ணிய நார்கள் உண்டு. அந்த ஜெல்லுக்குப் பின்னால் கண்ணின் உட்சுவரை மூடியிருப்பது விழித்திரை. விழித்திரைக்கு அடியில் நிறமிப் படை. அதற்கும் அடியில் இரத்தக் குழாய்கள் நிறைந்த கோரோயிட் படை.

கரு வளரும்போது விழித்திரை மூளையிலிருந்து வெளியே நீண்டு உருவாகிறது. பிறந்த பிறகும் அந்த உறவு அறுவதில்லை. மூளைக்கு இருப்பதைப் போலவே விழித்திரைக்கும் ஒரு தடுப்பு இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் எல்லாப் பொருளையும் அது உள்ளே விடாது. இதனால் இரண்டு விளைவுகள். மூளையில் வரும் ஒரு வகை லிம்போமா கண்ணிலும் வரும், கண்ணில் வந்தது மூளையிலும் வரும். இன்னொன்று, மாத்திரையாகவோ நரம்பு வழியாகவோ கொடுக்கும் மருந்துகள் பல, கண்ணின் உட்புறத்துக்குப் போதிய அளவு போய்ச் சேராது. சிகிச்சை ஏன் அப்படிச் சிக்கலாகிறது என்பதற்கு இந்த இரண்டாவது விளைவே பெரும்பாலும் காரணம்.

எந்த லிம்போமா?

லிம்போசைட் என்பது நோய் எதிர்ப்புக்கான வெள்ளை அணு. அது கட்டுப்பாடின்றிப் பெருகுவது லிம்போமா. பலருக்குத் தெரிந்த லிம்போமா கழுத்திலோ அக்குளிலோ கட்டியாக வெளிப்படும். விழித்திரை லிம்போமாவில் அப்படி எதுவும் இராது. பெரும்பாலும் பி வகை லிம்போசைட்டுகளான பெரிய அணுக்களால் ஆன இது விட்ரியஸிலும், விழித்திரையிலும், நிறமிப் படைக்கு அடியிலும் மட்டும் தங்கியிருக்கும். முழு இரத்தப் பரிசோதனை சுத்தமாக வரும். ஆகவே "ரத்தம் எல்லாம் செக் பண்ணினாங்கள், ஒண்டும் இல்லையாம்" என்பது இந்த நோயைப் பொறுத்தவரை நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

உடலின் வேறு இடத்தில் தொடங்கிய லிம்போமாவும் கண்ணுக்கு வரலாம். அது இரத்தக் குழாய் வழியே வருவதால் பெரும்பாலும் கோரோயிட் படையில் தங்கும். அது வேறு நோய், அதன் சிகிச்சையும் வேறு.

நோயாளிகளில் பெரும்பாலோர் 50 வயதைத் தாண்டியவர்கள். அறுபதுகளில் இருப்போர் அதிகம். இது தொற்றாது. பிள்ளைகளுக்கும் பரம்பரையாகப் போவதில்லை.

ஏமாற்றும் விதம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். தம்பலகாமத்தில் வசிக்கும் 68 வயது அம்மா. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. இரண்டு கண்ணிலும் கற்றரக்ட் ஏற்கெனவே எடுத்தாயிற்று.

வலது கண்ணில் பூச்சி பறப்பதுபோல் புள்ளிகள் தெரியத் தொடங்குகின்றன. வலி இல்லை, சிவப்பும் இல்லை. வயதானால் இப்படிப் புள்ளி தெரிவது வழக்கம்தான் என்று விட்டுவிடுகிறார். சில வாரத்தில் புகை மூட்டமாகிறது. இப்போது சந்தேகம் போகக்கூடிய இடங்கள் பல: கற்றரக்ட் எடுத்த பிறகு செயற்கை வில்லைக்குப் பின்னாலிருக்கும் சவ்வு தடித்திருக்கலாம், சீனியால் விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கலாம். பரிசோதித்த வைத்தியர் இரண்டும் இல்லை என்று காண்கிறார். விட்ரியஸுக்குள் அணுக்கள் மிதக்கின்றன. யுவையிட்டிஸ், அதாவது கண்ணின் உட்புற அழற்சி என்று எழுதி ஸ்டெரொய்ட் துளியும், பிறகு பிரெட்னிசொலோன் மாத்திரையும் தருகிறார். மூன்று வாரத்தில் கண் தெளிகிறது. மருந்தைக் குறைத்ததும் மறுபடி மூடுகிறது. மறுபடி மாத்திரை, மறுபடி தெளிவு. இம்முறை தெளிவு முன்பைவிடக் குறைவு. இடையில் சீனி ஏறிவிட, மெடிக்கல் கிளினிக்கில் ஏச்சு வேறு.

இதில் யாரும் கவனக்குறைவாக நடந்துகொள்ளவில்லை. யுவையிட்டிஸ் மிக மிக அதிகம், லிம்போமா மிக மிகக் குறைவு. முதலில் யுவையிட்டிஸை நினைப்பதுதான் சரியான வைத்தியம். சிக்கல் ஸ்டெரொய்டில் இருக்கிறது. அது இரண்டு வேலை செய்கிறது. லிம்போமாவைச் சுற்றித் திரண்டிருக்கும் சாதாரண அழற்சி அணுக்களை அடக்குகிறது. லிம்போமா அணுக்களிலும் ஒரு பகுதியைச் சாகடிக்கிறது, ஏனென்றால் அவையும் லிம்போசைட்டுகள்தான். கண் உண்மையிலேயே கொஞ்சம் தெளியும். மருந்து பிடித்துவிட்டது, ஆகவே அழற்சிதான் என்று நோயாளியும் வைத்தியரும் நம்பிவிடுவார்கள். எஞ்சிய அணுக்கள் நிறமிப் படைக்கு அடியில் இருந்து மீண்டும் பெருகும்.

வேறு நோய்களில் மருந்துக்குக் கிடைக்கும் பலன் நோய் கணிப்பை உறுதிப்படுத்தும். இங்கே அதே பலன்தான் தவறான பாதையில் நிறுத்திவைக்கிறது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு, வாழ்நாளில் முதல் தடவையாகக் கண் அழற்சி வந்து, அது ஸ்டெரொய்டுக்கு அரைகுறையாக அடங்கி, குறைத்ததும் திரும்பி வருமானால், மூன்றாவது தடவையும் அதே மருந்தை எழுதுவதற்கு முன் லிம்போமாவைப் பற்றி யோசித்தே ஆகவேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பரிசோதனை மேசையில் தெரியும் குறிகள்

ஸ்லிட் லாம்ப் கருவியில் தாடையை வைத்ததும் ஒரு மெல்லிய ஒளிக்கீற்றை வைத்தியர் கண்ணுக்குள் செலுத்துவார். "மேல பாருங்கோ அம்மா... இப்ப கீழ..." கண் அசைந்து நிற்கும்போது ஜெல்லும் அசைந்து அடங்கும். அப்போது தெரிவதை வைத்துத்தான் சந்தேகம் தொடங்குகிறது.

1. யுவையிட்டிஸில் அணுக்கள் உருண்டு திரண்டு கட்டிகளாக மிதப்பது உண்டு. லிம்போமாவில் பெரிய அணுக்கள் ஜெல்லின் நார்களைப் பிடித்துக்கொண்டு, கடலிலிருந்து இழுத்த வலையில் பாசி தொங்குவதுபோல் தாள் தாளாகத் தொங்கும்.

2. வெளியிலிருந்து பார்க்கும் வைத்தியருக்குப் புகை அடர்த்தியாகத் தெரியும், நோயாளியோ பார்வை அட்டையில் எதிர்பார்த்ததைவிட நன்றாக வாசிப்பார். நீண்டகால அழற்சியில் மக்கியுலா, அதாவது கூர்மையான பார்வைக்கான விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கிப் பார்வையைக் கெடுக்கும். இதில் அந்த வீக்கம் பெரும்பாலும் இராது.

3. விழித்திரைக்கு அடியில் மஞ்சளோ கிரீம் நிறமோ கொண்ட திட்டுகள் இருக்கலாம். ஓ.சி.டி. என்ற ஸ்கேன், ஒளியைக் கொண்டு விழித்திரையைப் படை படையாகக் காட்டும். நிறமிப் படைக்கு அடியில் மேடுகள் எழும்பியிருப்பது அதில் தெளிவாகத் தெரியும். வலியில்லை, ஊசியில்லை, ஐந்து நிமிட வேலை.

4. ஒரு கண்ணில் தொடங்கினாலும் காலப்போக்கில் பெரும்பாலானோருக்கு இரண்டு கண்ணிலும் வருகிறது. "மற்றக் கண் நல்லம்" என்று நோயாளி சொன்னாலும் அந்தக் கண்ணுக்கும் மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் தனியாக நோயை நிரூபிக்காது. மஞ்சள் திட்டு வயதோடு வரும் மக்கியுலா தேய்விலும் இருக்கும்.

முதலில் தள்ளிவைக்க வேண்டியவை

இலங்கையில் காசநோய் இன்னும் இருக்கிறது. கண்ணின் உட்புறத்தைக் காசநோய் தாக்கும்போது தோற்றம் ஏறக்குறைய இதேதான். மார்பு எக்ஸ்ரே, கையில் போடும் மன்டூ பரிசோதனை, மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு ஒரு கடிதம் ஆகியவை அதற்காக. சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுப்பார்கள். எழுபது வயது ஐயாவிடம் இந்தப் பரிசோதனையைச் சொன்னால் வீட்டாருக்குக் கோபம் வருவது உண்டு. சிபிலிஸ் கண்ணில் எந்த அழற்சியின் தோற்றத்தையும் எடுக்கும், பெனிசிலினுக்கு முழுதாக மாறும். அதைத் தேடாமல் விடுவதுதான் தவறு. நோயாளியின் நடத்தை பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை. உடலின் பல இடங்களில் அழற்சித் திரள்களை உண்டாக்கும் சார்கொயிடோசிஸ், ஹெர்ப்பீஸ் குடும்ப வைரஸ்கள் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

மாதிரி எடுப்பது: எல்லாம் தங்கியிருக்கும் இடம்

புற்றுநோய் என்று எழுத, அணுவைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு விட்ரியஸின் ஒரு பகுதியை எடுக்க வேண்டும். விட்ரெக்டமி என்ற இந்தச் சத்திரசிகிச்சையில், கண்ணின் வெள்ளைப் பகுதியில் அரை மில்லிமீட்டர் அளவான மூன்று துளைகள் வழியே கருவிகள் போகும். ஒன்று வெளிச்சம், ஒன்று வெட்டி உறிஞ்சும் கருவி, ஒன்று கண் சுருங்காதிருக்கத் திரவம் விடும் குழாய். கண்ணைச் சுற்றி விறைக்கப் பண்ணுவது போதும், பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கண்ணை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. கண் எடுக்கப்படுவதில்லை. மூடியிருந்த ஜெல்லை அகற்றுவதால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு பார்வை தெளிவதும் உண்டு.

திரவக் குழாயைத் திறப்பதற்கு முன்பே, கலப்பில்லாத ஜெல்லில் 1 முதல் 2 மில்லிலீட்டர் வரை எடுத்துவிடுவார்கள். திரவம் கலந்தால் அணுக்கள் ஐதாகிவிடும், அளக்க வேண்டிய புரதமும் நீர்த்துப்போகும்.

இந்த மாதிரியில் செய்யப்படுபவை:

1. நுண்ணோக்கியில் அணுவைப் பார்ப்பது. பெரிய கரு, கொஞ்ச உடல், ஒழுங்கற்ற ஓரம் கொண்ட அணுக்கள் இருந்தால் விடை கிடைத்துவிடும்.

2. அணுக்கள் எல்லாம் பி வகையா, ஒரே மூலத்திலிருந்து பெருகியவையா என்று பார்ப்பது. அழற்சியில் பல மூலங்களின் கலவை இருக்கும். புற்றுநோயில் ஒரே அணுவின் வாரிசுகள்.

3. இன்டர்லூக்கின் 10, இன்டர்லூக்கின் 6 என்ற இரண்டு புரதங்களின் அளவு. பி வகை லிம்போமா அணுக்கள் முதலாவதைச் சுரக்கின்றன. அழற்சியில் இரண்டாவதே மேலோங்கும். 10ஐ 6ஆல் வகுக்க வரும் எண் ஒன்றைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது.

4. எம்.வை.டி.88 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம். இந்த நோயாளிகளில் பெரும்பாலானோரிடம் இது இருக்கிறது, சாதாரண யுவையிட்டிஸில் இருப்பதில்லை. அணுக்கள் சிதைந்துபோன மாதிரியிலும் இதைக் கண்டுபிடிக்க முடிவது பெரிய உதவி.

கடைசி இரண்டும் எல்லா ஆய்வகங்களிலும் செய்யப்படுபவை இல்லை. எனவே முதல் இரண்டின் தரம்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

"அப்ப ஏன் டொக்டர் இஞ்சயே எடுத்து அனுப்பேலாது?" என்ற கேள்விக்கு வருவோம். லிம்போமா அணு வெளியே எடுத்ததும் வேகமாகச் சிதையும். வெறுமனே சிரிஞ்சில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்து, ஹபரணை, தம்புள்ளை வழியாக 260 கிலோமீட்டர் அனுப்பினால், கொழும்பில் திறப்பவருக்குக் கிடைப்பது அணுத் துணுக்குகள். அறிக்கையில் "புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை" என்று வரும். வாசிப்பவர் அதை "புற்றுநோய் இல்லை" என்று எடுத்துக்கொண்டால், மீண்டும் ஸ்டெரொய்ட், மீண்டும் மாதங்கள். சத்திரசிகிச்சை அறையும், மாதிரியை அந்த மணித்தியாலத்திலேயே பதப்படுத்தும் ஆய்வகமும், அதை வாசிக்கும் அனுபவமுள்ள நோயியல் நிபுணரும் அருகருகே இருக்க வேண்டும். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கு ஆளை அனுப்புவதற்கு இதுவே காரணம். மாதிரி பயணம் செய்வதைவிட நோயாளி பயணம் செய்வது நல்லது.

ஸ்டெரொய்டை நிறுத்தச் சொன்னதும் இதற்காகவே. மருந்து உடலில் இருக்கும்போது எடுத்தால், இருக்கும் அணுக்களும் செத்துச் சுருங்கியிருக்கும். பொதுவாக இரண்டு வாரமாவது ஸ்டெரொய்ட் இல்லாமல் இருந்த பிறகு மாதிரி எடுக்க விரும்புவார்கள். அந்த இரண்டு வாரமும் கண் மோசமாகும், அது எதிர்பார்த்ததே. ஆனால் நீண்ட நாள் குடித்த பிரெட்னிசொலோனைச் சொந்த முடிவில் ஒரேநாளில் விட்டுவிடக்கூடாது. உடல் தானாகச் சுரக்கும் ஸ்டெரொய்ட் அப்போது குறைந்திருக்கும். தலைச்சுற்று, வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல் என்று ஆபத்தில் முடியலாம். படிப்படியாகக் குறைக்கும் கணக்கை வைத்தியர் எழுதித் தருவார். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: இடையில் கண் மங்குகிறதே என்று பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் மாத்திரை வாங்கிக் குடித்துவிட்டு, அதைச் சொல்லாமல் சத்திரசிகிச்சைக்குப் போவது. சொல்லிவிட்டால் திகதியைத் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

இத்தனை கவனமாக எடுத்தும் முதல் மாதிரியில் விடை கிடைக்காமல் போவது உண்டு. தோற்றம் லிம்போமா என்றே சொல்லுமானால், இரண்டாவது தடவை எடுப்பது தவறான வைத்தியமோ நோயாளியைச் சோதனை எலியாக்குவதோ இல்லை.

மூளை ஏன் இதற்குள் வருகிறது?

மூளையில் லிம்போமா தொடங்கியவர்களில் 15 முதல் 25 சதவீதமானோரின் கண்ணிலும் அது இருக்கும். கண்ணில் மட்டும் தொடங்கியவர்களில் எத்தனை பேருக்கு மூளைக்கு வரும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. மூன்றில் ஒருவர் என்பதில் இருந்து 90 சதவீதம் வரை சொல்லப்பட்டிருக்கிறது. வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அலட்சியம் செய்யக்கூடிய எண் இல்லை.

அதனால் கண்ணில் சந்தேகம் எழுந்ததுமே சாயம் ஏற்றி மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். மூளையில் ஏற்கெனவே ஏதும் இருந்தால் அங்கிருந்து மாதிரி எடுப்பதா, கண்ணிலிருந்தா என்ற முடிவும் மாறலாம். முள்ளந்தண்டு நீரையும் எடுத்துப் பார்ப்பார்கள். உடலின் வேறு இடங்களில் இல்லை என்று உறுதிப்படுத்த சி.டி. ஸ்கேன்; ஆண்களுக்கு விதைப்பைக்கும் ஸ்கேன், ஏனென்றால் அங்கே தொடங்கும் லிம்போமாவுக்கு மூளைக்கும் கண்ணுக்கும் பரவும் போக்கு அதிகம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை கண்ணுக்கு வெளியே இருக்கின்றன. பேச்சில் சொல் தடுமாறுவது, ஒரு கை வலுக்குறைவது, நடையில் ஒரு பக்கம் சரிவது, கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிப்போவது, தெரிந்த பாதையில் வழி தவறுவது, புதிதாக வரும் தலையிடி, வலிப்பு. "வயசு போனா அப்பிடித்தான்" என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய மாற்றங்கள் இவை. கண் கிளினிக்கில் வைத்தியர் இவற்றைக் கேட்கும்போது, கூடப் போன பிள்ளையோ மருமகளோ பதில் சொல்வது அதிகம் பயன்படும். மறதி இருப்பதை மறந்தவர் சொல்ல மாட்டார்.

சிகிச்சை: கண்ணுக்கா, முழு உடலுக்கா?

மூளையிலும் நோய் இருந்தால் விவாதத்துக்கு இடமில்லை, முழு உடலுக்குமான சிகிச்சை தேவை. கண்ணில் மட்டும் இருக்கும்போதுதான் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு.

கண்ணுக்கு மட்டும் என்றால் மெதோட்ரெக்ஸேட் ஊசி. கண்ணுக்குள் நேரே போடப்படும் அளவு 0.4 மில்லிகிராம், 0.1 மில்லிலீட்டர் திரவத்தில். சீனி வருத்தத்தால் விழித்திரை வீங்கியவர்களுக்கு அவாஸ்டின் போடும் அதே முறைதான்: விறைப்புத் துளி, அயடின் கழுவல், இமைகளைப் பிரிக்கும் கவ்வி, கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஒரு மெல்லிய ஊசி. பரவலாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு இது:

1. முதல் நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை.
2. அடுத்த எட்டு வாரம், வாரத்துக்கு ஒரு தடவை.
3. பிறகு ஒன்பது மாதம், மாதம் ஒரு தடவை.

மொத்தம் 25 ஊசி, ஒரு கண்ணுக்கு. கண் தெளிவது இதன் முதற்பாதியிலேயே நடந்துவிடும், "தெளிஞ்சிட்டுதுதானே, இனி ஏன்?" என்று நிறுத்திவிடும் ஆபத்தும் அங்கேதான். முக்கியமான பக்கவிளைவு கருவிழியின் மேற்பரப்பு புண்ணாகி எரிவது, கூசுவது. அப்படியானால் ஊசிகளின் இடைவெளியைக் கூட்டுவார்கள். ரிட்டக்ஸிமாப் என்ற இன்னொரு மருந்தையும் கண்ணுக்குள் போடலாம். அது ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைக்க உதவுகிறது. ஊசி போட்டு ஓரிரு நாளில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை வேகமாக விழுந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அன்றே போக வேண்டும்.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை குடிக்கும் மாத்திரையும் இதே மெதோட்ரெக்ஸேட்தான். வீட்டில் யாருக்காவது அந்த மாத்திரை இருந்தால், கண்ணுக்கும் ஆகும் என்று எடுத்துவிடக்கூடாது. அந்த அளவு கண்ணுக்குள் போய்ச் சேராது, தினம் குடித்தால் எலும்பு மச்சையை நாசமாக்கும்.

முழு உடல் சிகிச்சையிலும் இதே மருந்துதான், அளவுதான் வேறு. மூளைக்கான தடுப்பைத் தாண்ட, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 3 கிராமுக்கு மேல் நரம்பு வழியே ஏற்றுவது வழக்கம். 1.6 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ள ஒருவருக்கு 3.5 கிராம் வீதம் கொடுத்தால் 5.6 கிராம். கண்ணுக்குப் போடும் ஒரு ஊசியின் 14,000 மடங்கு. வாட்டில் தங்கி, நரம்பு வழியே நிறையத் திரவம் ஏற்றி, சிறுநீரைக் காரத்தன்மையில் வைத்து, இரத்தத்தில் மருந்து இறங்குவதை அளந்து, அதன் நச்சை முறிக்கும் லியூக்கோவொரின் என்ற மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தால்தான் இது பாதுகாப்பானது. மருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. சீனியும் பிரஷரும் பல வருடம் இருந்த முதியவரின் சிறுநீரகம் இதைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. பிறந்த வருடத்தைப் பார்த்து "வயசு கூட, வேண்டாம்" என்று சொல்வதைவிட, சிறுநீரகம் வேலை செய்யும் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான கிரியேற்றினின் அளவைப் பார்த்து முடிவெடுப்பது நேர்மையானது. எழுபத்தைந்திலும் நல்ல சிறுநீரகம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

கண்ணில் மட்டும் இருக்கும்போதே முழு உடல் சிகிச்சை கொடுத்தால் மூளைக்கு வருவதைத் தடுக்க முடியுமா? 2015இல் வெளியான ஓர் ஆய்வில் ஐரோப்பாவின் 17 மையங்கள் 78 நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தன. கண்ணுக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களைவிட, முழு உடல் சிகிச்சை பெற்றவர்களுக்கு மூளை நோய் குறையவில்லை. கடுமையான பக்கவிளைவுகள் கூடின. பழைய பதிவுகளைத் தொகுத்த ஆய்வு என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. எதிர்ப்பக்கம் பேசும் சிறிய ஆய்வுகளும் உண்டு. நம் தம்பலகாமம் அம்மாவைப் போன்றவருக்கு, சிறுநீரகம் தளர்ந்து, எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால், கண் ஊசியோடு நெருங்கிய கண்காணிப்பு என்பது போதாத சிகிச்சை என்று வருந்த வேண்டியதில்லை.

ஊசிக்கு அலைய முடியாதவர்களுக்குக் கண்ணுக்குக் கதிர்வீச்சு கொடுப்பது பழைய வழி, இன்றும் கைவிடப்படவில்லை. சில வாரத்தில் முடியும். உலர் கண்ணும், பின்னாளில் விழித்திரைக் குழாய்ச் சேதமும் அதன் விலை. இப்ருட்டினிப் போன்ற புதிய மாத்திரைகள் திரும்பி வந்த நோயில் பலன் காட்டியிருக்கின்றன; அவற்றின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

திருகோணமலையில் இருந்து நடைமுறையில்

அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சையும் மருந்தும் இலவசம். செலவு பயணத்திலும் தங்குவதிலும் வருகிறது. முதல் மாதம் வாரம் இரு ஊசி என்றால் இரவு ரயிலில் போய்வந்து முடிக்கக்கூடிய காரியம் இல்லை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீடு இருந்தால் அந்த மாதத்தை அங்கே கழிப்பது உத்தமம். வாரம் ஒன்று, மாதம் ஒன்று என்ற கட்டத்துக்கு வந்த பிறகு, திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலையின் கண் பிரிவிலேயே ஊசியைத் தொடர முடியுமா என்று கொழும்பு வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஊசி போடும் கை இங்கேயும் உண்டு. கண்ணுக்கான அளவில் கிருமியின்றி மருந்தைத் தயாரித்துக் கொடுக்கும் ஏற்பாடுதான் முக்கியம், அதை இரண்டு வைத்தியசாலைகளும் பேசி முடிவு செய்ய வேண்டும். முழு உடல் சிகிச்சை என்றால் மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையா, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவா என்பதையும் அப்போதே கேளுங்கள். மூதூர், சம்பூர் பக்கத்தவர்களுக்கு ஏ15 வீதியில் மட்டக்களப்பு கிட்ட.

கையில் கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, ஸ்டெரொய்ட் எப்போது தொடங்கி எந்த அளவில் குறைத்தார்கள் என்ற திகதிகள், ஓ.சி.டி. படங்கள், எம்.ஆர்.ஐ. அறிக்கையோடு அதன் டிஸ்க், குடிக்கும் எல்லா மாத்திரைகளும் பெட்டியோடு. இவற்றில் ஸ்டெரொய்ட் திகதிகளைத்தான் கொழும்பில் முதலில் கேட்பார்கள், பெரும்பாலும் அதுதான் கொப்பியில் இருக்காது.

ஊசிகள் முடிந்த பிறகு முதல் இரண்டு வருடமாவது சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு கண்ணையும் விரித்துப் பார்ப்பதும், மூளைக்கு எம்.ஆர்.ஐ. திரும்ப எடுப்பதும் தொடரும். கண்ணில் மட்டும் திரும்பி வந்தால் மீண்டும் ஊசி போடலாம். முன்பு கேட்ட மருந்து பலருக்கு மறுபடியும் கேட்கிறது. அடுத்த எம்.ஆர்.ஐ.யின் திகதியை வைத்தியசாலையை விட்டு வெளிக்கிடும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.